நோட்டின் இடதுபக்கம்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



‘படைப்பூக்கத்தைப் பேணுவது எப்படி’ என்று அமைப்பாளர்கள் தலைப்புக் கொடுத்தார்கள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒரு தோழர் சிரித்துவிட்டார். “எங்கம்மா களை எடுக்கப் போன காலத்துல, ஊக்கம் வரட்டும்னு ஒருநாளாவது வரப்புல குந்தியிருப்பாங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு செவிலியராக வேலை பார்க்கும் தோழர் சொன்னார்: “குந்தியிருந்தா கங்காணி விட்டிருப்பானா? அதையும் சேர்த்துச் சொல்லுங்க.” உரையை அங்கிருந்துதான் தொடங்கினோம்.

இந்த உரையில் ‘நாங்கள்’ என்று வருமிடமெல்லாம் அந்த வட்டத்தைக் குறிக்கும். எட்டுப் பேர். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இருவர், செவிலியர் ஒருவர், வக்கீல் குமாஸ்தா ஒருவர், டூவீலர் உதிரிபாகக் கடையில் நிற்பவர் ஒருவர், முழுநேர இயக்க வேலையில் இருவர், வேலை தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர். உரையின் வரைவை இரண்டு முறை அவர்கள் முன் வாசித்தோம். பாதியை அடித்துவிட்டார்கள். மிஞ்சியதைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறோம்.

இதை எங்கள் மனத்தில் போட்டது ஒரு தங்கையின் கேள்வி. கல்லூரி மாணவி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் நடத்திய இரண்டு நாள் எழுத்து முகாமில், பள்ளியில் விடுதிப் பிள்ளைகளை மட்டும் தனி வரிசையில் நிற்கவைத்ததைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினாள். கூடம் அமைதியாகிவிட்டது. சிற்றிதழ் ஒன்றில் அது வெளிவந்தது. பிறகு கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். எல்லாக் கூட்டத்திலும் அதே ஐந்து பக்கத்தை வாசிக்கச் சொன்னார்கள். அடுத்த முகாமுக்கு வந்தபோது வெறும் கையோடு வந்திருந்தாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு எங்களில் ஒருவரிடம் சொன்னாள்: “எந்த வரியில நிறுத்தினா கூட்டம் அழும்னு எனக்கே தெரிஞ்சுபோச்சுக்கா. மூணாவது தடவை வாசிக்கும்போது நானே அங்க நிறுத்துனேன். எனக்கு அசிங்கமாப் போச்சு. இனிமே எழுதணும்னா இன்னொரு காயம் படணுமா?”

எங்களிடம் பதில் இல்லை. அந்த முகாமை நடத்தியவர்கள் நாங்கள். அந்த ஐந்து பக்கத்துக்கு முதலில் கைதட்டியவர்களும் நாங்கள்தான். வலியை எழுது, பட்டதை எழுது, உள்ளதை உள்ளபடி எழுது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அப்படிச் சொன்னதில் தவறு இல்லை, அதற்கு ஒரு காலத்தில் பெரிய தேவை இருந்தது. ஆனால் ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் ‘உன் காயத்தைக் காட்டு’ என்பதோடு நம் கேள்வி முடிந்துவிட்டால், காட்டி முடித்த பிறகு அவள் எங்கே போவாள்? இன்றைய உரை அவளுக்கு நாங்கள் மூன்று ஆண்டு தாமதமாகச் சொல்லும் பதில்.

முதலில் பண்டிதரிடம் போவோம். 1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கம், காலணா விலையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. ஓராண்டு கழித்து, வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி ‘ஒரு பைசா’ உதிர்ந்து ‘தமிழன்’ ஆனது. 1914 மே 5இல் பண்டிதர் கண்மூடும்வரை வாராவாரம் அதை நடத்தினார். இதழைத் தொடங்கும்போது அவருக்கு வயது 62. நாற்பதைத் தாண்டிவிட்டோம், எழுதும் வயது போய்விட்டது என்று எங்கள் வட்டத்தில் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இந்த எண்ணை அழுத்திச் சொல்கிறோம்.

அவர் முழுநேர எழுத்தாளர் இல்லை. சித்த மருத்துவர். நாடி பார்த்தார், மருந்து கொடுத்தார், சாக்கிய பௌத்த சங்கத்தை நடத்தினார், அரசுக்கு விண்ணப்பங்கள் எழுதினார். இத்தனைக்கும் நடுவில் அடுத்த புதன்கிழமை வந்து நின்றுகொண்டே இருந்தது. ‘இந்திரர் தேச சரித்திரம்’, ‘பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்’ இரண்டும் இதழில் தொடராக வந்தவை. புத்தகம் எழுதுவதற்கென்று ஓய்வெடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அல்லர் அவர். வாரத்துக்கு ஒரு தவணையாக எழுதியதுதான் சேர்ந்து புத்தகமாயிற்று. திருக்குறளுக்கு எழுதிவந்த உரை முடியாமலே நின்றுபோனது.

அந்த மனிதருக்கு ஊக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நாங்கள் இரண்டு இடத்தைக் காட்டுவோம். ஒன்று, கேள்வி கேட்கும் வாசகர். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறியவர்கள் ‘தமிழ’னைப் படித்தார்கள். இந்தப் பெயர் எப்படி வந்தது, இந்தப் பண்டிகை யாருடையது என்று வாசகர்கள் இதழுக்கு எழுதிக் கேட்டார்கள். இவர் பதில் எழுதினார். கேட்க ஆள் இருந்தால் சொல்லத் தோன்றும். இது எல்லோருக்கும் தெரிந்த உண்மைதான், ஆனால் எழுத்தாளர் என்றால் தனியறையில் தனியே தவம் கிடப்பவர் என்ற படம் நம் தலையில் ஏறியிருப்பதால் மறந்துபோகிறோம்.

இரண்டாவது, கையில் கிடந்த பொருள். தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அசுரனைக் கொன்ற நாள் என்று ஊரே சொன்னது. பண்டிதர் வைத்தியர் அல்லவா? எண்ணெயைப் பார்த்தார். எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்து, அதைத் தேய்த்துக் குளித்த நாளின் நினைவு இது என்று எழுதினார். அது வரலாற்றுக்குப் பொருந்துமா என்று ஆய்வாளர்கள் வாதிடட்டும். எங்களை நிறுத்திவைப்பது வேறு. எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒரு கிண்ணம் எண்ணெயிலிருந்து அவரால் ஒரு தேசத்தின் கதையைத் திருப்பிப்போட முடிந்தது. அவர் காயத்தை எழுதாமல் இல்லை. ஒடுக்கப்பட்டோர் மீது நடந்த கொடுமைகள் ‘தமிழன்’ பக்கங்களில் நிறைய உண்டு. ஆனால் நம் கதை காயத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும் அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. காயத்துக்கு முன்னால் நாம் யார், என்ன சமைத்தோம், என்ன கண்டுபிடித்தோம் என்பதைத் தேடிக்கொண்டே இருந்தார். அந்தத் தேடல் தீர்ந்துபோகக் கூடியதாக இல்லை. அதனால்தான் அவருக்கு வாரம் தவறாமல் எழுத முடிந்தது என்று நினைக்கிறோம்.

இனி எங்கள் கையில் என்ன கிடக்கிறது என்று பார்த்தோம். அறிக்கை கிடந்தது.

நம்மில் பலருக்கு இது தெரிந்த வேலை. ஒரு சேரி தாக்கப்படுகிறது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ நான்கைந்து பேர் போகிறோம். வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறோம். எத்தனை வீடு, எத்தனை பேர், எந்த நேரம், யார் பெயர் சொல்லித் திட்டினார்கள், போலீஸ் எப்போது வந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவு போட்டார்கள், எதைப் போடாமல் விட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அறிக்கை தயாராக வேண்டும், காலையில் நிருபர்கள் வந்துவிடுவார்கள். இப்படி ஐம்பதுக்கு மேல் எழுதியிருப்போம். இந்த வேலைதான் எங்களுக்குள் இருந்த கதைக்காரனைக் கொன்றது என்று நெடுநாள் நம்பினோம். நம்பியதில் கொஞ்சம் சௌகரியமும் இருந்தது. எழுதாமல் இருப்பதற்கு அதைவிட மரியாதையான காரணம் கிடைக்குமா?

வட மாவட்டம் ஒன்றில், பெயர் வேண்டாம், எரிந்துபோன காலனிக்குப் போயிருந்தோம். ஓர் ஆயாவின் கூரைவீடு முழுக்கச் சாம்பல். எல்லோரும் ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சர்டிபிகேட் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த ஆயா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது. “கோழி அடையில குந்தியிருந்துச்சி கண்ணு. பதினோரு முட்ட. ஒத்தப்படையாத்தான வெக்கணும், அதான் பதினொண்ணு வெச்சேன். இருவத்தோரு நாள்ல பதினெட்டு ஆயிடுச்சி. எல்லாரும் ஓடுனாங்க, நானும் ஓடிட்டேன். அது மட்டும் எழுந்திரிக்கல.”

எங்கள் அறிக்கையில் அது ‘பொருள் இழப்பு: கோழி 1, முட்டை 11’ என்று வந்தது. தட்டச்சுக்குப் போகும் முன் ஒரு மூத்த தோழர் ‘முட்டை 11’ஐ அடித்தார். அறிக்கையின் கனம் குறைந்துவிடும் என்றார். அறிக்கை என்ற அளவில் அவர் சொன்னது சரி. நீதிமன்றத்தில் முட்டைக் கணக்கு நிற்காது.

எங்கள் குமாஸ்தா தோழருக்கு ஒரு பழக்கம் உண்டு. திருத்தம் எழுதுவதற்காக நோட்டில் இடதுபக்கத்தை எப்போதும் காலியாக விடுவார், எழுதுவதெல்லாம் வலதுபக்கத்தில்தான். அன்று ராத்திரி பஸ்ஸில் அந்தக் காலிப் பக்கத்தில் ஆயா சொன்னதை அப்படியே எழுதிவைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, “வலதுபக்கத்துல இடம் இல்லன்னுட்டாங்களே” என்றார். அதன் பிறகு எங்கள் நோட்டுகளில் இடதுபக்கம் நிரம்பத் தொடங்கியது. சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுப்பைப் பார்க்க எழுந்துபோன பெண். தன் பெயரை அறிக்கையில் முழுசாக எழுதச் சொல்லி, இனிஷியலை இரண்டு முறை சரிபார்த்த கிழவர். இழவு வீட்டில் எங்களுக்கு டீ இல்லையே என்று வருத்தப்பட்டவர். அறிக்கை வேலை கதையைக் கொல்லவில்லை. நாங்கள் அடித்த இடத்தில் எல்லாம் கதை கிடந்தது, குனிந்து எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோழி கதையாவதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின. ஆறு பக்கம். அதில் நெருப்பே வராது. இருட்டில் ஒரு சிறுமி அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டு, சூடு பார்ப்பதோடு கதை நின்றுவிடும். அதை வாசித்த அன்று எங்கள் வட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. ஆசிரியர் தோழர் மட்டும், அன்று முட்டையை அடித்தவரும் அவர்தான், எழுந்துபோய் வாசலில் நின்றார்.

மாணவர்களுக்காக இன்னொன்று. சமூகவியல் படித்தவர்கள் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பாமல் பட்டம் வாங்க முடியாது. படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நம் தெருவில் அந்தக் கட்டத்தில் ‘கூலி’ என்று எழுதிக்கொண்டே போகலாம். பள்ளிக்கூடத்தில் தகப்பன் தொழில் என்று கேட்டபோது நாம் சொன்னதும் அதுதான். சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்ததே, அதுவும் நினைவிருக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வேலை இருக்கிறது? நாற்றுப் பறிப்பது வேறு, முடி கட்டுவது வேறு, நடுவது வேறு. கரும்பில் சோகை உரிப்பவரின் கை ஒருவிதமாகக் கிழிந்திருக்கும், சவுக்கு வெட்டுபவரின் கை இன்னொரு விதமாகக் காய்த்திருக்கும். மல்லாட்டை ஆய்கிறவர்கள் விரலைப் பார்க்காமல் ஆய்வார்கள், கண் எதிரே இருப்பவரின் முகத்தில் இருக்கும், ஊர்க்கதை முழுக்க அங்கேதான் நடக்கும். நெற்கட்டைத் தலைக்கு ஏற்றிவிடும்போது இரண்டு பேர் மூச்சும் ஒன்றாக வர வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து போய்விடும். இதற்கெல்லாம் சொல் இருக்கிறது. அந்தச் சொற்கள் நம் அம்மாக்களிடம் இருக்கின்றன. கட்டத்துக்குள் ‘கூலி’ என்று எழுதி மூடியவர்கள் நாம், நம் சொந்தக் கையால். எழுத ஒன்றும் இல்லை என்று சொல்லும் தம்பி, இந்த ஒரு கட்டத்தைப் பிரித்துப்போட்டாலே பத்தாண்டுக்கு எழுதலாம். அவசரம் மட்டும் உண்டு. நடவு இயந்திரம் வந்துவிட்டது, அறுப்பு இயந்திரம் எப்போதோ வந்துவிட்டது, சொல் தெரிந்தவர்கள் நூறுநாள் வேலையில் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படித் தேடும்போது பிடிக்காத இடங்களும் வரும். 1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ வந்தபோது நம் முகாம்களில் எழுந்த சச்சரவு மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சேரிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் குடும்பம், சேரியிடம் படும் பாட்டை அந்த நாவல் சொல்லியது. நம் அழுக்கை ஏன் வெளியே போடுகிறார் என்று கோபப்பட்டவர்களில் எங்களில் சிலரும் அடக்கம். அப்போது சிறு வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கோபத்தில் பயம்தான் அதிகம் இருந்தது. நமக்கு மேலே இருப்பவரைப் பார்த்து எழுதும்போது நம் வாய் பழகிய பாதையில் ஓடும். நமக்குக் கீழே நாம் வைத்திருப்பவரின் வாசலில் போய் நின்றால் அப்படி ஓடாது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தத் திணறலிலிருந்து பிறக்கிற வாக்கியம் புதிதாக இருக்கும். நம் வீட்டுப் பெண்களைப் பற்றி நம் வீட்டு ஆண்கள் எழுதும்போதும் இதே சோதனைதான். பெரும்பாலும் தோற்றுவிடுகிறோம்.

சிரிப்பையும் மறக்க வேண்டாம். 2024 நவம்பரில் நம்மை விட்டுப் பிரிந்த ராஜ் கௌதமன், பண்டிதரைப் பற்றி ஆய்வுநூல் எழுதியவர். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வுகளை எழுதிக் குவித்தவர். அவரே 2002இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்று தன்னையே கேலிசெய்து ஒரு நாவல் எழுதினார். பட்ட அவமானம் எல்லாம் அதில் உண்டு, ஆனால் அழவிடாமல் சிரிக்கவைத்துக்கொண்டே கூட்டிப்போவார். அழுகையை எதிர்பார்த்து வந்த வாசகருக்கு அது ஒரு சின்ன அடி. அந்தத் தங்கைக்கு முதலில் இந்தப் புத்தகத்தைத்தான் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் வேறு ஐந்து புத்தகங்களைக் கொடுத்தோம். ஐந்தும் கண்ணீர்.

இதுவரை சொன்னது எதை எழுதுவது என்பது பற்றி. எப்போது எழுதுவது என்பதுதான் கடினமான பகுதி. நேரம் யாருடையது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

மராட்டியத்தில் பேபி காம்ப்ளே என்று ஓர் அம்மா. 1929இல் பிறந்தவர், மகர் சமூகம். சதாரா மாவட்டம் பல்டன் ஊரில் கணவரோடு சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய செய்தித்தாளைப் படித்துப் படித்து அவருக்கு வாசிப்பு வளர்ந்தது. கணவர் சரக்கு வாங்கப் போகும் நேரம் பார்த்து எழுதுவார். ஆள் வரும் சத்தம் கேட்டால் ஒளித்துவைப்பார். இப்படி இருபது ஆண்டுகள், வீட்டாருக்குத் தெரியாமல். 1986இல் புத்தகமாக வந்தது, ‘ஜிண ஆமுச’, எங்கள் வாழ்வு என்று பொருள். பெயரிலேயே ‘எங்கள்’ இருப்பதைக் கவனியுங்கள். சேரியின் பசியும் பண்டிகையும் பேயாட்டமும் அதில் இருக்கின்றன. மருமகள்களை நம் வீடுகளே எப்படி வதைத்தன என்பதும் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது.

கஷ்டத்திலும் எழுதலாம் பாருங்கள் என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் உண்டு. நாங்கள் அதற்காகச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் ஒளித்துவைத்தது ஒரு பெருமையா? அந்த இருபது ஆண்டில் அவருக்குப் பகலில் ஒரு மணி நேரம் யாராவது விட்டுக்கொடுத்திருந்தால் இன்னும் எத்தனை புத்தகம் வந்திருக்கும் என்று நாம் ஏன் கேட்பதில்லை? சாதி அவரிடமிருந்து எடுத்த நேரம் ஒரு பக்கம். வீடு எடுத்த நேரம் இன்னொரு பக்கம். இரண்டாவதைத் திருப்பித் தர நமக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

அண்ணல் எழுதிய ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலை நாம் எல்லோரும் வைத்திருக்கிறோம். அதற்கு அவர் 1956 மார்ச்சில் ஒரு முன்னுரை எழுதினார். முதல் பதிப்பில் அது சேர்க்கப்படவில்லை, பிறகுதான் வெளியே தெரிந்தது. அதில் பஞ்சாப் ஹோஷியார்பூர் மாவட்டத்துக்காரர்கள் இருவருக்கு ஊர்ப்பெயரோடு நன்றி சொல்கிறார். நானக் சந்த் ரத்து, பிரகாஷ் சந்த். கையெழுத்துப் பிரதியைப் பல முறை தட்டச்சு செய்தவர்கள். அதிலும் ரத்து, தன் உடம்பையும் பாராமல் கூலியும் பாராமல் செய்தார் என்று தனியே குறிப்பிடுகிறார். ரத்து அரசு ஊழியர். ஆபீஸ் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து தட்டச்சு செய்தவர். நூறாண்டுக்கு ஒருவர் பிறக்கும் அறிவு அண்ணலுடையது, அதற்கே இன்னொருவரின் மாலை நேரம் தேவைப்பட்டது. ‘தமிழ’னும் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்து வைத்திருக்காவிட்டால், ஞான அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகள் இருந்திருக்குமா? பண்டிதர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து. நடுவில் யாரோ பரணைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் கதையைச் சொல்லாமல் போனால் தப்பு. எங்கள் வட்டம் மாதம் இரண்டு ஞாயிறு கூடும். விதிகள் குறைவு. யாராவது எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ‘அருமை’ என்ற சொல்லுக்குத் தடை. எந்த இடத்தில் கவனம் போனது, எந்த இடத்தில் திரும்பி வந்தது என்று மட்டும் சொல்லலாம். நன்றாக நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஐந்து மாதம் கழித்துச் செவிலியர் தோழர் வருவதை நிறுத்தினார். நைட் டியூட்டி என்றார். நம்பினோம். ஒருநாள் நேரில் போய்க் கேட்டபோது சொன்னார்: “பத்து தடவை வந்திருப்பேன் தோழர். பத்து தடவையும் டீ போட்டது நான். ரெண்டு பேரோட குழந்தைங்களப் பார்த்துக்கிட்டதும் நான். நீங்க வாசிச்சதெல்லாம் அடுப்படியிலேர்ந்து கேட்டேன். என் நோட்ட ஒருநாளும் யாரும் கேக்கல.”

சாதி ஒழிப்பு பேசும் எட்டுப் பேர் கூடிய வீட்டில் இது நடந்தது. இதற்கு மேல் அலங்கரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது டீ முறைவைத்து. குழந்தைகளை ஆண் தோழர்கள் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். முதல் வாசிப்பு எப்போதும் அவருடையது. கடந்த ஆண்டு பிரசவ வார்டின் இரவுகளைப் பற்றி ஒரு நெடுங்கதை எழுதினார். நாங்கள் எழுதிய எல்லாவற்றையும்விட அது மேல், இதைச் சபையில் சொல்ல எங்களுக்குக் கூச்சம் இல்லை. அவரிடம் அவ்வளவு இருந்தது என்பது பத்து ஞாயிறு எங்களுக்குத் தெரியவில்லை என்பதில்தான் கூச்சம்.

இயக்கத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு தோழர் இந்த வாரம் எழுதுகிறார் என்றால் அதை விடுப்பு என்று கணக்கில் வைக்காதீர்கள். சுவரொட்டி ஒட்டுவதும் வேலை, மனு எழுதுவதும் வேலை, ஒருவர் தன் இடதுபக்கத்தை எடுத்துக்கொண்டு மூன்று நாள் உட்காருவதும் வேலைதான். ‘போராட்டம் நடக்கும்போது கதை எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அண்ணல் தயாரித்த உரை மேடையேறவில்லை, அழைத்தவர்களே பின்வாங்கினார்கள். எழுதி முடித்து வைத்திருந்ததால் அச்சில் போட முடிந்தது. 1,500 பிரதிகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. 

தம்பிகளுக்கு ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கோபம் வருகிறது, போனை எடுத்து நான்கு வரி போடுகிறீர்கள், இருநூறு பேர் விருப்பம் தெரிவிக்கிறார்கள், தூங்கிவிடுகிறீர்கள். காலையில் அந்தக் கோபம் எங்கே? குக்கரில் விசில் வருவதற்குள் மூடியைத் திறந்தால் அரிசி வேகாது. போடவே கூடாது என்று சொல்லவில்லை, நாங்களும் போடுகிறோம். எல்லாவற்றையும் போட வேண்டாம். வாரத்தில் ஒரு கோபத்தையாவது நோட்டில் வையுங்கள்.

அந்தத் தங்கைக்கு வருவோம். போன மாதம் எங்களில் ஒருவருக்குத் தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே நீளத் தாளில் ஒன்பது பக்கம். விடுதியில் சமைத்த அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறாள். நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஒரே ஆளாக உப்புமா கிண்டும்போது அந்த அக்கா கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, படகுத் துடுப்பு மாதிரி தள்ளுவாராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாட்டு முணுமுணுப்பாராம், எந்தப் பாட்டு என்று கடைசிவரை எந்தப் பிள்ளைக்கும் பிடிபடவில்லையாம். தனி வரிசை இந்த ஒன்பது பக்கத்திலும் வருகிறது, ஒரே ஒரு வாக்கியத்தில், போகிறபோக்கில். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “அக்கா, இதுல எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க.”

நாங்கள் சொல்லவில்லை. நேரில் வந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். வந்திருக்கிறாள், மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், பெயர் சொன்னால் எழுந்து ஓடிவிடுவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னால் இருக்கும் புளியமரத்தடியில் உட்காருவோம். இருபது முப்பது பேருக்கு நிழல் இருக்கும். டீ இன்றைக்கு ஆசிரியர் தோழர் முறை.